பக்கம் 212இல் லோனியின் வாய்

அந்தப் புத்தகத்தில் டாங்கிக்கு எண் உண்டு. சக்கரம் எத்தனை, சங்கிலிப் பட்டையின் அகலம் எத்தனை, பீரங்கிக் குழலின் நீளம் எத்தனை, எந்த மாதம் பட்டறையை விட்டு வெளியே வந்தது, எல்லாம் உண்டு. டாங்கிக்குப் பக்கத்தில் பால் கேனோடு நிற்கிற பெண்ணுக்கு மட்டும் பெயர் கிடையாது. "எல்லைப்புறத்துக் கிராமப் பெண் ஒருத்தி, படையெடுத்து வந்த ஜெர்மன் வீரர்களைப் பாலும் சிரிப்புமாக வரவேற்கிறாள். டிசம்பர் 1944." அவ்வளவுதான். முழுப்பக்கப் படம். பக்கம் 212.

அந்தப் பெண் லோனி மார்கிராஃப். அந்த ஊரில் கல்யாணமானாலும் காகிதத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான். ஞானஸ்நானப் பெயர் அப்போலோனியா. அதை முழுசாகக் கூப்பிட நீடர்புஷ் ஊரில் எவனுக்குப் பொறுமை இருக்கிறது? பாதிரியார் ஒருவர்தான் கூப்பிடுவார், அதுவும் திட்டுகிற அன்றைக்கு மட்டும்.

நாற்சந்தி ஓரத்து வீட்டில் 1918இல் பிறந்தாள். அவள் பிறந்தபோது அந்த வீடு ஜெர்மனியில் இருந்தது. அவளுக்கு இரண்டு வயதானபோது பெல்ஜியத்துக்குப் போயிற்று. இருபத்திரண்டு வயதில் திரும்ப ஜெர்மனிக்கு. இருபத்தாறில் அமெரிக்கர்கள் வந்தார்கள், திரும்பவும் பெல்ஜியம். வீடு ஓர் அடி நகரவில்லை, கூரை கூட மாற்றவில்லை. ஒவ்வொரு தடவையும் புதுத் தொப்பி போட்ட எவனோ ஒருவன் வந்து, "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டான். லோனி, "நான் மாட்டுக்கொட்டகைப் பக்கம்" என்று சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போவாள்.

ஆண்களுக்கு அந்தப் பதில் செல்லுபடியாகவில்லை. ஊரை ஜெர்மனியோடு சேர்த்த கையோடு, வயது வந்தவனையெல்லாம் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். லோனியின் புருஷன் ருஷ்யாவுக்குப் போனான், திரும்பவில்லை. பக்கத்து வீட்டு மாத்தெஸ் போனான், ஒரு காலோடு திரும்பினான். கடைசியாக அவளுடைய தம்பி நிக்கெலை எடுத்தார்கள். அக்காவைவிட எட்டு வயது சின்னவன். மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை. செய்த பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் பயந்து வைக்கோல் போரில் ஒளிந்துகொண்டு, பாதிரியார் தேடி வந்ததும் கோழி மாதிரி கொக்கரித்தவன். அவன் எதைச் சொன்னாலும் பாதி விளையாட்டாகத்தான் இருக்கும்.

1944 டிசம்பரில் ஜெர்மன் டாங்கிகள் கடைசியாக ஒருமுறை ஆர்டென் காட்டுக்குள் பாய்ந்து வந்தன. பட்டாளத்தின் படக்காரன் ஒருவன் அந்தப் படத்தை நாற்சந்தியில் எடுத்தான். ஜெர்மன் செய்தித்தாளில் வந்தது. போர் முடிந்ததும் அதே படத்தை வெட்டி எடுத்து, பெல்ஜிய விசாரணைக்காரர்கள் மேஜைமேல் வைத்தார்கள். "இது நீதானே? சிரிக்கிறாய் அல்லவா? துரோகி!" லோனி ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "நான் சிரிக்கவில்லை." அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நாலு மாதம் கம்பிவேலிக்குள் அடைத்துப் போட்டார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். பல வருஷம் ஓட்டுப் போட உரிமை இல்லை. தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்கார மாட்டார்கள். அவளுடைய மகன் பதினாறு வயதில், "இந்த ஊர்ல எனக்குப் பால்காரி மகன்னு பேரு" என்று சொல்லிவிட்டு வெர்வியே நகரத்துக் கம்பளி ஆலைக்குப் போனவன், கிறிஸ்துமஸுக்கு மட்டும் எட்டிப் பார்க்கிறான்.

எப்படி இருக்கும் வயிறு? எரியாதா?

ஆனால் ஒரு விஷயம். காலம் போகப் போக ஊர் மறந்துகொண்டு வந்தது. செய்தித்தாள் மக்கிப் போகும் அல்லவா? மக்கிப் போனதை 1974இல் ஒரு மனுஷன் தோண்டி எடுத்து, வழுவழுத் தாளில், பெரிசாக, தெளிவாக அச்சடித்துவிட்டான். லியேஜ் நகரத்து பூகோள வாத்தியார் கஸ்தோன் ஓர்பான் எழுதிய ஐரோப்பியத் தரைப்போர்களின் சித்திர வரலாறு. எடுத்தால் கை வலிக்கும் கனம். பாதிப் பக்கம் டாங்கி, பாதிப் பக்கம் பீரங்கி. ஊர்ப் பையன்களுக்கெல்லாம் அதுதான் கிறிஸ்துமஸ் பரிசு.

லோனி வேலையை ஆரம்பித்தாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஊருக்கு வருகிற நூலக வண்டியில் ஏறுவாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு டாங்கிப் புத்தகத்தை எடுப்பாள். சரக்கென்று 212ஆம் பக்கத்தைக் கிழித்து மடித்து ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டு இறங்குவாள். வண்டிக்காரன் புதுப் பிரதி கொண்டுவந்தால் அதையும் கிழித்தாள். பள்ளிக்கூடத்துப் பிரதி, பாதிரியார் வீட்டுப் பிரதி, பல் வைத்தியர் வீட்டு வரவேற்பறையில் கிடந்த பிரதி, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கிழித்த பக்கங்களை என்ன செய்தாள் என்றா கேட்கிறீர்கள்? அடுப்பு பற்றவைத்தாள்.

வாத்தியாருக்கு மூன்று கடிதம் போட்டாள். நான் சிரிக்கவில்லை, அந்த வரியை எடு. மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில் வந்தது. "மதிப்புக்குரிய அம்மணி, புகைப்படம் பொய் சொல்லாது. தங்கள் வாய் திறந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. எனினும் அச்சிட்ட டாங்கி எண் சரிதானா என்று தாங்கள் தெரிவித்தால் நன்றியுள்ளவனாவேன்." டாங்கியின் எண்ணாம்! லோனி அந்தக் கடிதத்தையும் அடுப்பில்தான் போட்டாள்.

பத்து வருஷம் போயிற்று. 1984, சண்டையின் நாற்பதாவது ஆண்டு. புத்தகம் புதுப் பதிப்பு வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு மத்தியானம், லோனி அரிசியும் பாலும் நிரப்பிய ஃப்ளாடன் கேக் சுட்டு ஜன்னலோரம் ஆறவைத்திருந்தாள். மாத்தெஸ் வழக்கம்போல ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெரிய துண்டாகப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தான். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஒல்லியாக, நெட்டையாக, கழுத்தில் டை கட்டிய ஒருவர் தோல்பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

"மேடம் மார்கிராஃப்? நான் ஓர்பான். புத்தகம் எழுதினவன். உள்ளே வரலாமா?"

லோனிக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. ஆனாலும் பத்து வருஷமாகக் காத்திருந்த ஆள் தானாக வந்து வாசலில் நிற்கும்போது கதவை அறைந்தால் யாருக்கு நஷ்டம்?

"வாங்க வாத்தியாரே. காலைத் தட்டிட்டு வாங்க. நேத்துதான் தரை கழுவினேன்."

ஓர்பான் காலைத் தட்டினார். உட்கார்ந்தார். தோல்பையைத் திறந்து ஒரு பெரிய அச்சுத் தாளை மேஜையில் விரித்தார். மறுபடியும் அதே படம், முன்னைவிடப் பெரிசாக. டாங்கியின் மூக்கு, கேனோடு லோனி, மேலேயிருந்து அவளை நோக்கிக் குனிகிற ஒரு வீரன். தொப்பி நிழலில் அவன் முகவாய் மட்டும்தான் தெரிகிறது. அடியில் புது வரி: "நீடர்புஷ் ஊரைச் சேர்ந்த அப்போலோனியா மார்கிராஃப், ஜெர்மன் வீரர்களைப் பாலும் சிரிப்புமாக வரவேற்கிறார்."

"போன பதிப்புல உங்க பேர் இல்லாதது பெரிய குறை மேடம். கடுதாசியில லோனின்னுதான் இருந்துது, முழுப் பேரை விசாரணைக் காகிதங்கள்ல தேடிக் கண்டுபிடிச்சுட்டேன். இங்க ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா அச்சுக்கு அனுப்பிடலாம்" என்று சொல்லிப் பேனாவை நீட்டினார். உபகாரம் செய்கிற முகம்!

மாத்தெஸ் எட்டிப் பார்த்தான். "ஆகா லோனி, கடைசியில உன்னையும் டாங்கிக்குச் சமமா ஆக்கிட்டாங்க. அடுத்த பதிப்புல உனக்கும் எத்தனை சக்கரம்னு போட்டுருவாங்க."

"நீ வாயை மூடிட்டுத் தின்னு" என்றாள் லோனி. பிறகு ஓர்பான் பக்கம் திரும்பினாள். "ஏன் வாத்தியாரே, மூணு கடுதாசி போட்டேனே, படிக்கத் தெரியாதா உங்களுக்கு? நான் சிரிக்கலைன்னு எழுதினேனா இல்லையா?"

"மேடம், கோபப்படாதீங்க. இதோ பூதக்கண்ணாடி. நீங்களே பாருங்க. வாய் திறந்திருக்கு. பல் தெரியுது."

"பல்லு தெரிஞ்சா சிரிப்பா? என் நாய்க்கும்தான் பல்லு தெரியும். அவுத்து விடட்டுமா? உங்களைப் பார்த்துச் சிரிக்குதா என்னன்னு பாப்போம்."

ஓர்பான் கால்களை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார். "மேடம், நான் சரித்திரம் எழுதறவன். ஒவ்வொரு திருகாணியும் சரியா இருக்கணும்னு நினைக்கறவன். சிரிக்கலைன்னு மட்டும் சொன்னா எப்படி? பின்னே என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

லோனி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நாற்பது வருஷம். விசாரணைக்காரன் கேட்கவில்லை. பாதிரியார் கேட்கவில்லை. பெற்ற மகன் கேட்கவில்லை. தினமும் ஃப்ளாடன் தின்கிற மாத்தெஸ் கேட்கவில்லை. சிரித்தாயா, சிரித்தாயா என்று குடைந்தார்களே தவிர, பின்னே என்னதான் செய்தாய் என்று ஒரு பிறவி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்பது வேறு விஷயம். விசாரணை நடந்தபோது அவளுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அவளுடைய அம்மா. அம்மா காதில் விழ அதைச் சொல்வதைவிட நாலு மாதம் உள்ளே கிடப்பது லேசாக இருந்தது. அம்மா செத்துப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. இப்போது யாருக்குப் பயப்பட வேண்டும்?

"அது என் தம்பி" என்றாள்.

மாத்தெஸின் வாயிலிருந்து ஃப்ளாடன் தட்டில் விழுந்தது. "யாரு? நிக்கெலா?"

"நிக்கெல்தான். இந்த முகவாயை எனக்குத் தெரியாதா? தூளியில போட்டு ஆட்டினவ நான்." அவள் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "காலையில டாங்கி வந்து சந்தியில நின்னுச்சு. இஞ்சின் ஓடிட்டே இருக்கு. நான் கொட்டகையிலேருந்து கேனோட வர்றேன். மேலேருந்து, 'அக்கா!'ங்கறான். ஒரு வருஷமா கடுதாசி கூட இல்லாத பய! எனக்கு உசிரே போய்த் திரும்பி வந்துச்சு. குனிஞ்சு சிரிச்சுக்கிட்டே மெதுவாச் சொல்றான், 'அக்கா, நான் இறங்கிடட்டுமா? வைக்கப்போர்ல ஒளிஞ்சுக்கறேன். கோழி மாதிரி கத்த மாட்டேன்.'"

மாத்தெஸ் தட்டைத் தள்ளிவைத்தான்.

"மேல தளபதி நிக்கறான். சந்தியில கழுத்துல தகடு தொங்கவிட்ட பட்டாளத்துப் போலீஸ்காரங்க ரெண்டு பேரு. ஓடி வந்தவனை ஒளிச்சு வெச்சா வீட்டையே கொளுத்துவோம்னு எங்க கதவுலதான் நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. பாதாள அறையில என் புள்ள. 'போ'ன்னேன். 'விளையாடாதே, போடா, போ!'ன்னு கத்தினேன். கத்தும்போதுதான் அந்தப் படக்காரப் பாவி படம் எடுத்தான். இந்த வாயில இருக்கறது சிரிப்பு இல்ல வாத்தியாரே. 'போ'. பால் கூட வாங்கிக்கலை அவன். போயிட்டான். ரெண்டு நாள் கழிச்சு மேட்டுப் பாதையில அந்த டாங்கி எரிஞ்சுது. உள்ள இருந்த யாரும் வெளிய வரலை."

அவள் மூச்சு வாங்கினாள். ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "அவன் எப்பவும் விளையாட்டுப் பையன். அன்னிக்கும் விளையாட்டுக்குத்தான் கேட்டான். நிஜமா இறங்கற எண்ணம் இருந்திருந்தா அப்படிச் சிரிச்சுக்கிட்டா கேப்பான்?" என்றாள்.

நாற்பது வருஷமாக அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தூங்கினாள், எழுந்தாள், பால் கறந்தாள். விளையாட்டுக்குத்தான் கேட்டான்.

ஓர்பான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று மாத்தெஸ் நினைத்தான். ஆனால் அந்த மனுஷனின் கண் படத்தின்மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. பூதக்கண்ணாடியை எடுத்தார். கிட்டே கொண்டுபோனார்.

"ஒரு நிமிஷம் மேடம்... ஒரு நிமிஷம். இருபது வருஷமா எனக்கு இது புரியவே இல்ல!" பையிலிருந்து இன்னொரு தாளை உருவினார். வண்ணச் சித்திரம். கறுப்புச் சீருடையில் ஒரு டாங்கி வீரன், தலையிலிருந்து பூட்ஸ் வரை. "இது 340ஆம் பக்கம். உங்க படத்தைப் பார்த்துத்தான் இவரை வரைய வெச்சேன். இதோ பாருங்க, தோள்ல ரொட்டிப் பை. டாங்கிக்குள்ள இடமே கிடையாது மேடம், பையை யாரும் தோள்ல மாட்ட மாட்டாங்க, வெளியில தொங்கவிடுவாங்க. இவர் மட்டும் மாட்டியிருக்கார். அப்புறம் இந்த ஒயரு. இவர் ரேடியோக்காரர். இஞ்சின் ஓடும்போது காதுல மாட்டினதைக் கழட்டவே கூடாது. இவர் பிடுங்கித் தொங்கவிட்டிருக்கார். ஒரு காலும் வெளிய இருக்கு!"

"வாத்தியாரே, போதும்" என்றான் மாத்தெஸ்.

ஓர்பான் காதில் அது விழவில்லை. முகமெல்லாம் மலர்ந்து கிடந்தது. "பால் வாங்கக் கை நீட்டறவன் எதுக்கு மேடம் பையை மாட்டிக்கணும்? எதுக்கு ஒயரைப் பிடுங்கணும்? ஊர் தெரிஞ்சதுமே எல்லாத்தையும் தயார் பண்ணி வெச்சிருக்கார்! அவர் விளையாடலை மேடம். நிஜமாவே இறங்கத்தான் வந்தார்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. பூதக்கண்ணாடியை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

லோனி எழுந்தாள். ஃப்ளாடன் தட்டைத் தூக்கினாள், தூக்கின வேகத்தில் சுவரில் அடித்தாள். தட்டு சுக்குநூறாயிற்று. மாத்தெஸ் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான்.

"உக்காருடா!" என்று கத்தினாள். "எல்லாரும் உக்காருங்க! யாரும் போகக் கூடாது!"

ஓர்பான் தோல்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "மேடம், நான் வேணும்னு..."

"நீ பேசாதே." நீங்க போய் நீ ஆகிவிட்டது. "திருகாணி எண்ணினியே, சங்கிலியை அளந்தியே! என் தம்பியை வரைஞ்சு, பொத்தான் எத்தனைன்னு எண்ணி, புத்தகத்துல போட்டுப் பத்து வருஷமா ஊரெல்லாம் வித்தியே! அந்தப் பைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது மேடம்."

"எனக்கும் தெரியாது!" என்றாள் லோனி. "நான் பாக்கவே இல்ல. தோள்ல பை இருந்துதுன்னே நான் பாக்கலை. நாப்பது வருஷமா பாக்கலை. எத்தனை பக்கம் கிழிச்சேன், ஒரு தடவையாவது அவன் தோளைப் பாத்தேனா? என் வாயைத்தான் பாத்தேன்!"

அழவில்லை அவள். அழுதிருந்தால் மாத்தெஸுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மேஜை இழுப்பறையைப் பிடுங்கி, மாடு கன்று போட்ட தேதி குறிக்கிற தச்சுப் பென்சிலை எடுத்தாள். அச்சுத் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பாலும் சிரிப்பும் என்ற வரியை ஒரே கோடாக அடித்தாள். தாள் கிழிந்தது. கீழே எழுத ஆரம்பித்தாள். கொட்டை எழுத்து, வரி கோணிக்கொண்டு போயிற்று.

ஓர்பான் தயங்கித் தயங்கி, "மேடம், அங்க ரெண்டு வரிக்குத்தான் இடம். டாங்கி எண்ணும், பாந்தர்ங்கற வகையும் கட்டாயம்..." என்றார். பாவம், பழக்கம்.

"டாங்கியைத் தூக்குய்யா!"

"சரி மேடம். தூக்கிடறேன்."

எழுதி முடித்ததும் தாளை அவர் பக்கம் தள்ளினாள். ஓர்பான் மெல்லிய குரலில் படித்தார். "நிக்கெல் மார்கிராஃப், வயது பதினெட்டு. அக்கா லோனியிடம் இறங்கட்டுமா என்று கேட்டான். அவள் போ என்றாள்."

"இப்படியேவா மேடம்? பேரோடயா? ஊர்ல எல்லாரும் படிப்பாங்க. உங்க மகன் படிப்பார்."

"பேரோட. ரெண்டு பேர் பேரோடயும். துரோகின்னு நாப்பது வருஷம் சொன்னாங்களே, எதுக்குன்னு தெரியாமச் சொன்னாங்க. இனிமே தெரிஞ்சு சொல்லட்டும்."

கையெழுத்தும் போட்டாள். அப்போலோனியா என்று முழுசாக. ஓர்பான் தாளை மடித்தார், பேனாவைச் செருகினார், வண்ணச் சித்திரத்தை எடுக்கக் கை நீட்டினார். லோனி அதன்மேல் உள்ளங்கையை அழுத்தினாள்.

சித்திரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகளும் குறிப்புகளுமாக இருந்தன. தொப்பிக்கு ஒன்று, பூட்ஸுக்கு ஒன்று. தோளிலிருந்து போன கோட்டின் முனையில் இப்படி இருந்தது: "ரொட்டிப் பையை வழக்கத்துக்கு மாறாக டாங்கிக்குள்ளேயே மாட்டியிருக்கிறார். காரணம் தெரியவில்லை."

லோனி கடைசி இரண்டு வார்த்தையை அடித்தாள். பென்சிலை அழுத்திப் பிடித்து, பக்கத்தில் எழுதினாள்: "வீட்டுக்கு வந்தான்."